இரண்டாவது நாற்காலி

என் அண்ணனை ஊரில் பாதிப் பேர் நெஞ்சுக்கு மேல்தான் பார்த்திருக்கிறார்கள். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னல் அப்படி அமைந்திருந்தது. உள்ளே இருப்பவர் உட்கார்ந்து, கொஞ்சம் குனிந்தால்தான் வெளியே நிற்பவரின் முகம் தெரியும். அவருக்கு ‘ஜன்னல் சார்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். போன மாதம் அவரை வீட்டு முன்னறையில் கிடத்தியிருந்தபோது, வரிசையில் வந்து பார்த்த ஒரு பெண் தன் மகளிடம் மெதுவாகக் கேட்டாள்: “சார் இவ்வளவு உயரமாடி?” மகளுக்கும் அது புதுச் செய்திதான். அதுவரை அழுதுகொண்டிருந்த அண்ணி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் மருந்தியல் படித்தது, மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதாததால். அதற்காக அவர் வருந்தியதாக நினைவில்லை. “டாக்டர்னா பேசிட்டே இருக்கணும். எனக்கு அது ஆகாது” என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அரசு வேலை கிடைத்தது. ஊர் எல்லையில், பேருந்து திரும்பும் இடத்துக்கு எதிரே இருந்த நிலையத்தில் போட்டார்கள். சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். அப்படி இருந்தது அவர் விருப்பத்தால் அல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மருந்தறையில் இரண்டு நாற்காலிகள். அரசு ஒதுக்கியபடி அங்கே மருந்தாளுநர் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் ஜன்னலில் மருந்து கொடுப்பார், இன்னொருவர் இருப்பைப் பார்ப்பார். பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நாற்காலியின் மேல் சலைன் பெட்டிகள் ஏறிக்கொண்டன. அண்ணன் இரண்டு வேலையையும் பார்த்தார்.

அண்ணி வேறு ஊரில் பள்ளி ஆசிரியை. பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். கல்யாணத்தின்போது இரண்டு வீட்டிலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவரும் அரசு வேலை, யாராவது ஒருவருக்கு மாறுதல் கிடைக்காமலா போகும் என்றார்கள். அண்ணன் மாதம் ஒருமுறை போய்வந்தார். மகள் பிறந்தாள், நடந்தாள், பேசினாள். அப்பா வந்தால் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். யாரும் சொல்லித்தந்ததில்லை. அண்ணி ஒருநாள் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, “அப்பாவுக்கு வீட்டு டம்ளர் போதும்” என்றார். குழந்தை திருதிருவென்று விழித்தது.

கேட்ட மாறுதல் கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. அண்ணியின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருத்துவமனைக்கே உத்தரவு வந்தது. அதன் கடைசி வரியில் மட்டும், மாற்றுப் பணியாளர் வந்து பொறுப்பேற்ற பின் விடுவிக்கப்படுவார் என்று இருந்தது. மாற்று ஆள் வரவில்லை. நிலையத்தில் மருந்தாளுநர் என்று இருந்தது அண்ணன் ஒருவர்தான். அவரையும் விட்டுவிட்டால் ஜன்னலைச் சாத்த வேண்டும். எனவே உத்தரவு கையில் இருந்தது, அவர் ஜன்னலில் இருந்தார். வருடங்கள் போயின.

இந்த இடத்தில் அந்தப் பகுதி நிலையங்களில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு ‘இரவல்’ என்று பெயர். மேலதிகாரி ஆய்வுக்கு வரும் நாளில் ஆள் குறைந்தால் திட்டு விழும். ஏன் ஆள் இல்லை என்று ஆளை அனுப்ப வேண்டியவரே வந்து கேட்பார். அதனால் பக்கத்து நிலையங்களிலிருந்து அன்றைக்கு மட்டும் ஆட்களை வரவழைத்து, வெள்ளைக் கோட்டு மாட்டி, காலி நாற்காலிகளில் உட்கார வைப்பார்கள். வீட்டில் விருந்தாளி வந்தால் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்குவதைப் போலத்தான். கொடுத்தவர் வீட்டுக்கு விருந்தாளி வரும்போது திருப்பித் தர வேண்டும். அண்ணன் இதில் கைதேர்ந்தவர். ஒருமுறை பக்கத்து நிலையத்து மருந்தாளுநர், மனைவிக்குப் பிரசவம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட நாளில் ஆய்வு வந்தது. அண்ணன் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய பெயருக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்லிவிட்டு வந்தார். அந்த நண்பருக்கு ‘சொட்டு மருந்து’ என்று பட்டப்பெயர். பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அன்றிலிருந்து அண்ணனைக் கண்டால் எழுந்து நிற்பார்.

அப்போதுதான் அரசு சுகாதாரத் துறையைச் சீர்திருத்தப் போவதாக அறிவித்தது. இதற்கு முன்பும் சீர்திருத்தங்கள் நடந்திருந்தன. ஒன்றில் பெயர்ப் பலகை மாறியது. இன்னொன்றில் மஞ்சள் சுவர் பச்சையானது. இந்த முறை வந்த சுற்றறிக்கை வேறு மாதிரி இருந்தது. தலைநகரிலிருந்து குழுக்கள் வரும், நிலையம் நிலையமாகப் போய்க் காலிப் பணியிடங்களை நேரில் பார்த்துக் குறிக்கும், குறித்த இடங்கள் எல்லாம் ஒரே தவணையில் நிரப்பப்படும் என்று அதில் இருந்தது.

நிலையத்தில் அதை ஊசி போடும் அறையில் கூடி நின்று வாசித்தார்கள். அங்கே நடந்ததை எல்லாம் எனக்குச் சொன்னது பெரிய சிஸ்டர். நிலையத்தின் மூத்த செவிலியர் அவர். அண்ணனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“போன சீர்திருத்தத்துல பெயின்ட் வந்துச்சு. இந்தத் தடவை என்ன, ஏணியா?” என்றார் பெரிய சிஸ்டர்.

“காலி இடத்தை நிரப்புறதுக்குன்னு போட்டிருக்கு சிஸ்டர்,” என்றார் அண்ணன்.

“அப்படித்தான் போடுவாங்க. ஒழிச்சுக்கட்ட வர்றோம்னா போடுவாங்க? ஆள் இல்லாமலே இத்தனை வருஷம் ஓடுதே, அப்புறம் எதுக்கு இந்தப் போஸ்டுன்னு கோடு போட்டு அடிச்சிடுவாங்க தம்பி. ஊரெல்லாம் அதுதான் பேச்சு.”

டாக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தார். அவர் பொறுப்பில் மூன்று நிலையங்கள். “எனக்கு ஒண்ணு சொல்லுங்க. மூணு இடத்துக்கும் ஒரே நாள்ல வந்தா நான் எங்க உட்கார்றது?”

“நீங்க வழக்கம்போல அவங்க ஜீப்புக்கு முன்னாடி ஓடுங்க டாக்டர்,” என்றார் பெரிய சிஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது: வழக்கம்போல நிறைத்துக் காட்டிவிடுவது. இரண்டாவது செவிலியர் இடத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர், ரத்தப் பரிசோதனை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் என்று பெரிய சிஸ்டர் விரல் மடக்கத் தொடங்கினார்.

“உங்க இடங்களை எப்படி வேணா காட்டுங்க சிஸ்டர்,” என்றார் அண்ணன். “மருந்தறையை மட்டும் உள்ளது உள்ளபடி விட்டுடுங்க.”

“விட்டு? அந்தப் போஸ்டே போயிடுச்சுன்னா? அப்புறம் உனக்கு மாத்து ஆளுன்னு ஒருத்தன் பொறந்துதான் வரணும். நீ ரிட்டயர் ஆகுற வரைக்கும் பொண்டாட்டியும் பிள்ளையும் போட்டோவுலதான்.”

“இப்பவும் போட்டோவுலதானே சிஸ்டர்.”

“அன்னைக்கு அவன் கோபமாச் சொல்லியிருந்தா நாலு திட்டு திட்டியிருப்பேன்,” என்றார் பெரிய சிஸ்டர் என்னிடம். “சாதாரணமா, மணி என்னன்னு சொல்ற மாதிரி சொன்னான். நான் என்னத்தைப் பேசுறது.”

குழு வரும் நாளில் அண்ணன் சீக்கிரமே வந்து, இரண்டாவது நாற்காலியின் மேல் இருந்த பெட்டிகளை இறக்கிச் சுவரோரம் அடுக்கினார். நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தார். காலியாக இருப்பது கண்ணில் பட வேண்டும் என்பது அவர் எண்ணம். பெட்டி இருந்தால் அது பெட்டி வைக்கும் இடமாகத் தெரியும். தானும் சவரம் செய்து, துவைத்த கோட்டுப் போட்டிருந்தார்.

குழுவின் வண்டி வாசலில் திரும்பும் சத்தம் கேட்டபோது, பின்கதவு வழியாகச் சொட்டு மருந்து உள்ளே வந்தார். கையில் ஒரு பை. பையிலிருந்து கோட்டை உதறி எடுத்தார்.

“நீ எங்கய்யா இங்க?”

“கேள்விப்பட்டேன்ண்ணே.”

“என்ன கேள்விப்பட்ட?”

“நாற்காலி காலின்னு.”

“காலியா இருக்கட்டும்னுதான்யா துடைச்சு வச்சிருக்கேன்.”

“துடைச்சிருக்கு,” என்று பார்த்துச் சொல்லிவிட்டு அவர் அதில் உட்கார்ந்தார். அண்ணனிடம் பட்ட நன்றியைத் திருப்பிக் கொடுக்கக் கிடைத்த ஒரே நாள் அது. அண்ணன் இரவல் கேட்காமல் விட்டதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கோட்டின் பித்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டு முடிப்பதற்குள் குழு அறை வாசலுக்கு வந்துவிட்டது.

குழுவின் தலைவி இளம் வயதுப் பெண் அதிகாரி. கையில் ஒரு தொடுதிரைக் கணினி. குரலை உயர்த்தாமல் பேசினார். திட்டவும் இல்லை. அதுவே எல்லோருக்கும் சந்தேகமாக இருந்தது என்றார் பெரிய சிஸ்டர்.

“மருந்தாளுநர் ரெண்டு பேர். ரெண்டு பேரும் இருக்கீங்க. சரி,” என்று அவர் விரலால் தொட்டார். “இங்க நிறைவு. அடுத்து லேப் பார்த்துடலாமா?”

அவர் திரும்பிவிட்டார். உடன் வந்தவர்களும் திரும்பினார்கள். டாக்டர் வழிகாட்டப் போனார்.

“மேடம், ஒரு நிமிஷம்,” என்றார் அண்ணன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. “இவர் எங்க நிலையம் இல்லை.”

“பின்ன?”

“பக்கத்து நிலையம். இரவல்.”

அந்தச் சொல்லை மேலதிகாரி முன்னால் அதுவரை யாரும் சொன்னதில்லை. “இரவல்னா?” என்று கேட்டார் தலைவி.

“நீங்க வர்ற அன்னைக்கு ஆள் குறையக் கூடாதுன்னு பக்கத்துல வாங்கி உட்கார வைப்போம். நான்தான் வரச் சொன்னேன்.”

சொட்டு மருந்து எழுந்துவிட்டார். “இல்லை மேடம், நானாத்தான்—”

“நீ பேசாதே. பேச வேண்டிய நாள்லயே பேச மாட்டே,” என்றார் அண்ணன்.

தன் நிலையத்தை விட்டு, அனுமதி இல்லாமல் தானாக வந்தவன் என்றால் சொட்டு மருந்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டதால் வந்தவன் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். அந்தக் கணக்கை அண்ணன் எப்போது போட்டார் என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியவில்லை. போடாமலே சொல்லியிருக்கலாம்.

“அப்போ நர்ஸும் ரெண்டு பேர்னு சொன்னாங்களே?” என்று தலைவி அண்ணனையே கேட்டார்.

“அவன் சுவத்தைப் பாக்குறான்,” என்று பிறகு என்னிடம் சொன்னார் பெரிய சிஸ்டர். “இருபது வருஷமாப் பாத்த சுவத்தை, நேத்துக் கட்டின சுவர் மாதிரி பாக்குறான். என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டானாம். தன் தலையில மட்டும் மண்ணை அள்ளிப் போட்டுக்குவானாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம். அவளும் இரவல்தாம்மான்னு நானே சொல்லிட்டேன். லேப்ல இருக்கறவனும்தான்னு டாக்டர் வாயைத் திறந்தார். பாவம், அவரும் எத்தனை நாள்தான் ஓடுவார்.”

தலைவி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். இந்த முறை ஒவ்வொருவரையும் எந்த நிலையம் என்று கேட்டுக் கேட்டு எண்ணினார். போகும்போது அண்ணனிடம் சொன்னார்: “காலியான இடங்களைக் காலின்னே குறிச்சுட்டேன். ஆனா நீங்க சொன்னதையும் எழுதாம விட முடியாது. புரியுதுங்களா?”

“புரியுதுங்க,” என்றார் அண்ணன். அதற்குள் ஜன்னலில் வரிசை நீண்டிருந்தது.

அரசு சொன்னதைச் செய்தது. அதுதான் ஒருவரும் எதிர்பார்க்காதது. சில மாதங்களில் தேர்வு வைத்து, ஆள் எடுத்து, நிலையங்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பணியிடமும் ஒழிக்கப்படவில்லை. அந்தப் பகுதியில் நிறைத்துக் காட்டிய நிலையங்களுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவர்கள்தான் ‘நிறைவு’ ஆயிற்றே. நாங்கள் சொன்னது பொய், எங்களுக்கும் ஆள் வேண்டும் என்று அவர்கள் மனு எழுதினார்கள். மனுவை எப்படி எழுதுவது என்பதே அவர்களுக்குப் பெரிய சிக்கலாக இருந்ததாம். அண்ணனின் நிலையத்துக்கு ஒரு செவிலியரும், பரிசோதனைக்கு ஒருவரும், ஒரு மருந்தாளுநரும் வந்தார்கள். மருந்தாளுநர் ஓர் இளம்பெண். வந்ததும் நாற்காலி எங்கே என்று கேட்டாள். பெட்டிகள் மறுபடி ஏறியிருந்தன.

அவள் பொறுப்பேற்ற மறுநாள் அண்ணன் உத்தரவை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனார். வீட்டில் பாத்திரங்களைக் கூடக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனார். அங்கே பிரிவு எழுத்தர் உத்தரவைப் படித்தார், தலையை ஆட்டினார், பிறகு இன்னொரு கோப்பை எடுத்தார்.

“உங்க மேல விசாரணை இருக்கே சார். போலியா ஆள் காட்டினதுக்கு. அது முடியற வரைக்கும் உங்களை எங்கயும் நகர்த்த முடியாது. விதி அப்படி.”

“விசாரணை எப்போங்க முடியும்?”

“விசாரணை அதிகாரி வந்ததும் ஆரம்பிச்சுடுவாங்க.”

“எப்போ வருவாரு?”

“அந்தப் போஸ்ட் காலியா இருக்கு சார்.”

இதை அண்ணன் எங்களிடம் சொன்னபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினோம். அண்ணியிடம் அவர் தொலைபேசியில் சொன்னார். அண்ணி, “கட்டி வச்ச பாத்திரத்தைப் பிரிச்சுடாதீங்க. பிரிச்சா அடுக்கறதுக்கு உங்களுக்குத் தெரியாது,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அண்ணி தன் துறையில் மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் அடுத்த தலைமை ஆசிரியை அவர்தான் என்று பேச்சு இருந்தது. மாறிப் போனால் புது இடத்தில் கடைசி ஆளாகச் சேர வேண்டும். மகள் படிப்பை நடுவில் பிடுங்கி வேறு பள்ளியில் போட வேண்டும். அதையெல்லாம் சுட்டிக்காட்டி மேலிடத்தில் நன்றாக யோசிக்கச் சொன்னார்கள். யோசித்துவிட்டேன் என்றார். உத்தரவு உடனே வந்துவிட்டது.

“உங்க துறை உங்களை விடாது,” என்றார் அண்ணனிடம். “என் துறைக்கு நான் இருக்கறதே தெரியாது. கேட்டேன், விட்டுட்டாங்க.”

இதை முன்பே செய்திருக்கலாமே என்று நான் பிற்பாடு அண்ணியிடம் கேட்டேன். “ஆர்டர் கையில வச்சிருக்கற மனுஷனைத் தேடி யாராவது கிளம்பிப் போவாங்களா? இன்னைக்கு வருவார், நாளைக்கு வருவார்னே இருந்துட்டேன்,” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உத்தரவு இல்லாமலிருந்தால் அவர்கள் முன்பே ஒன்றாக இருந்திருப்பார்கள்.

விசாரணை வெகு காலம் கழித்துத் தொடங்கி, ஒரு கண்டிப்போடு முடிந்தது. இனி நீங்கள் மாறுதலில் போகலாம் என்று மண்டல அலுவலகத்திலிருந்து தெரிவித்தார்கள். வேண்டாம் என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது.

அண்ணியும் மகளும் சாமான்களோடு வந்து இறங்கியது அதற்கு வெகு முன்பு, ஒரு விடுமுறை நாளில். மறுநாள் வேலை நாள். மகள் புதுப் பள்ளிக்குப் போய்விட்டாள். அண்ணி அடுத்த வாரம்தான் வேலையில் சேர வேண்டும். அண்ணன் எப்போதும்போல ஜன்னலுக்குப் போனார். அதன் பிறகு நடந்ததைப் புதிய மருந்தாளுநர் பெண்ணும் அண்ணியும் ஆளுக்குப் பாதியாகச் சொன்னார்கள்.

மதியம் அந்தப் பெண், “அண்ணே, மணி ஒண்ணாச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க,” என்றாள்.

“வரிசை இருக்கே.”

“எனக்கும் ரெண்டு கை இருக்கு.”

அவர் எழுந்து கோட்டைக் கழற்றினார். வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். “அந்தச் சிவப்புச் சட்டைக்காரருக்குப் பாதி மாத்திரைதான். முழுசாக் கொடுத்துடாதே.”

“சீட்டுலயே போட்டிருக்குண்ணே. போங்க.”

மறுபடி போனார். பெரிய சிஸ்டர் வாசற்படியில் நின்று, அவர் சாலையைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாராம், மறுபடியும் திரும்பி வந்தால் திட்டுவதற்காக. வரவில்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அண்ணி சாமான்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். வேலை நாளின் மதிய வெயிலில் அண்ணன் வாசலில் நிற்பதைக் கல்யாணமான நாளிலிருந்து அவர் பார்த்ததில்லை.

“என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?”

“இல்லை. சாப்பிட வந்தேன்.”

அண்ணி எழுந்து தட்டைத் தேடினார். எந்த மூட்டையில் வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இருவருமாக மூன்று மூட்டைகளைப் பிரித்தார்கள்.